முன்பணம், துண்டு, குடும்ப அட்டை

இராயபுரத்தில் வசித்துவந்த என் உறவினர் மகன் ஒருவன் அண்மையில் தில்லிக்கு அருகே குடிபெயர்ந்தான். நியமனக் கடிதம் மின்னஞ்சலில் வந்து சேரும்வரை வீட்டுக்காரரிடம் காலி செய்வதாக அவன் மூச்சுவிடவில்லை. மனைவிக்கும் அங்கே ஒரு வேலை அமையும்வரை குழந்தையைப் பள்ளியிலிருந்து விலக்கவுமில்லை. "வேலையைக் கையில வச்சுக்கிட்டுத்தான் ஊரைவிட்டுக் கெளம்பணும்" என்பது அவன் தாயார் மூன்று மாத காலம் ஓதிவந்த மந்திரம். அதில் பிழை ஏதுமில்லை. நம்மில் யாரைக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவோம்.

அவன் புறப்படுவதற்கு முந்தைய ஞாயிறு விடியலில் இருவரும் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனோம். இருட்டு விலகுமுன்பே ஏலம் உச்சத்தை எட்டிவிடும் இடம் அது. ஐஸ் பெட்டிகளும் கூடைகளும் இடித்துக்கொண்டு போக, தமிழும் தெலுங்கும் கலந்த கூச்சலுக்கிடையே ஒதுங்கி நின்றுகொண்டிருந்தோம். விசைப்படகுகளிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தவர்களில் பலர் இந்த ஊர்க்காரர்கள் அல்லர். கடலூர், நாகை, ஆந்திரக் கரையோரம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களும் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவர்களே. படகு உரிமையாளர் கொடுத்த முன்பணத்தை ஊரில் வாங்கி, வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டுப் புறப்பட்டவர்கள். முன்பணம் கழியும்வரை வேறு படகில் ஏறுவது கடினம். நியமனக் கடிதமும் முன்பணமும் ஒன்றா என்று அப்போது மனத்தில் எழுந்த கேள்வியே இக்கட்டுரைக்குத் தூண்டுதல்.

காசிமேட்டின் மீன்பிடித் துறைமுகம் பழமையானதன்று. 1980களில் செயல்படத் தொடங்கியது. ஆனால் இந்தக் கரை, 'வேலை உறுதி, இனிப் பயணம்' என்று நம்பி வெளியேறிய பல்லாயிரம் பேரைக் கண்டது. பின்னாளில் எந்த உறுதியும் இல்லாமல் திரும்பியவர்களையும் இதே கரைதான் கண்டது. அவ்விரு பயணங்களையும் சேர்த்துப் பார்த்தாலொழிய அந்தத் தாயாரின் அறிவுரை முழுமையாக விளங்காது.

*

1860 அக்டோபர் 12ஆம் நாள் 'டுரூரோ' என்னும் கப்பல் மதராசிலிருந்து புறப்பட்டது. அதில் ஏறியவர்கள் 342 பேர். நவம்பர் 16 அன்று அது தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையை அடைந்தது. நேட்டால் குடியேற்றத்துக்குச் சென்ற முதல் ஒப்பந்தக் கூலிக் கப்பல் இதுவே.

அப்போது மதராசில் துறைமுகம் இல்லை. கடற்பாலம் திறக்கப்பட்டதே 1861இல்தான். துறைமுகக் கட்டுமானத்துக்கு 1875இல் அடிக்கல் நாட்டப்பட்டது. 1881ஆம் ஆண்டுப் புயல் அதைச் சிதைத்தது. அதுவரை கப்பல்கள் ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். மனிதரும் மூட்டையும் மசூலாப் படகில் அலையைத் தாண்டிப் போயாகவேண்டும். ஆணி அடிக்காமல் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்துக் கட்டிய படகு அது. அலை மோதும்போது உடையாமல் நெளிந்து கொடுக்கும். அதைச் செலுத்தியவர்கள் இக்கரையின் படகோட்டிகள். கடலையே கண்டிராத உள்நாட்டு விவசாயக் கூலிகளுக்கு அந்த அரை மைல் எப்படி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கத்தான் முடியும். அவர்கள் ஏறிய மணற்கரை இன்று இல்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். துறைமுகச் சுவர் எழுந்தபின் அதன் தெற்கே மணல் சேர்ந்து மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரத்தையும் காசிமேட்டையும் கடல் அரித்துத் தின்றது. இன்று அங்கே நாம் காண்பது கருங்கல் அணை.

அந்த 342 பேரும் வேலையைக் கையில் வைத்துக்கொண்டுதான் கப்பல் ஏறினர். முதலாண்டில் மாதம் 10 ஷில்லிங் கூலி, ஆண்டுதோறும் ஒரு ஷில்லிங் உயர்வு, உணவு, உறைவிடம், மருத்துவம் ஆகிய அனைத்தும் எழுத்தில் இருந்தன. நேட்டால் சட்டம் இயற்றியிருந்தது; 1860இல் இந்திய அரசும் சட்டம் இயற்றி அனுமதி அளித்திருந்தது. குடிபெயர்வோர் பாதுகாவலர் என்ற அதிகாரி இருந்தார். (அப்பதவி இன்றும் சென்னையில் இருக்கிறது. வளைகுடாவுக்குப் போகும் தொழிலாளர்களின் காகிதங்களைப் பார்ப்பது அந்த அலுவலகம்தான்.) ஒவ்வொருவரின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பிலுள்ள தழும்பு வரை பேரேட்டில் பதியப்பட்டன. இன்றைய மனிதவளத் துறையினர்கூட இவ்வளவு விவரம் கேட்பதில்லை. அப்பேரேடுகள் இன்றும் இருப்பதால் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் தங்கள் பூட்டனின் கிராமத்தைத் தேடிக் கண்டடைகிறார்கள்.

காகிதம் சரியாகத்தான் இருந்தது. பதினோராண்டுகளுக்குப் பிறகு, 1871இல், 'ரெட் ரைடிங் ஹூட்' என்ற கப்பலில் நேட்டாலிலிருந்து முதல் தொகுதியினர் மதராசுக்குத் திரும்பி வந்தனர். வந்தவர்கள் ஊருக்குப் போகுமுன் முறையிட்டார்கள். கூலி பிடித்துவைக்கப்பட்டது, சவுக்கடி விழுந்தது, ஒப்பந்தம் முடிந்தால் 10 பவுன் தருவதாக மதராசில் சொல்லப்பட்டது, அது வரவேயில்லை. முறையீட்டின் விளைவாக இந்திய அரசு நேட்டாலுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்திவைத்தது. நேட்டாலில் 1872இல் விசாரணைக் குழு அமைந்தது. இந்தியக் குடியேறிகளுக்கென்று அங்கும் ஒரு பாதுகாவலர் நியமிக்கப்பட்டார். 1874இல் கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. 1911இல் அது நிறுத்தப்படும்வரை நேட்டாலுக்குப் போனவர்கள் சுமார் 1,52,000 பேர்.

இந்நிகழ்ச்சி நம் வரலாற்று நூல்களில் உரிய இடம் பெறவில்லை என்றே நினைக்கிறேன். எழுத்தறியாத கூலிகள், தங்களிடம் வாய்மொழியாகச் சொல்லப்பட்ட ஒரு வாக்குறுதியை ஆயிரக்கணக்கான மைல் தொலைவில் மறவாமல் வைத்திருந்து, அது சொல்லப்பட்ட ஊருக்கே திரும்பி வந்து, கொடு என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு பேரரசின் கூலிக் கப்பல்களைச் சில ஆண்டுகள் நிறுத்திவைத்தது அக்கேள்வி.

*

ஒப்பந்தக் கூலி முறையைப் பற்றி நாம் நிறையப் படித்திருக்கிறோம். தமிழ்நாட்டிலிருந்து வெளியேறியவர்களில் பெரும்பாலோர் அதன் வழியாகப் போகவில்லை என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணி அழைத்துப் போனார், பர்மாவுக்கு மேஸ்திரி. இருவரும் அந்நியர் அல்லர் என்பதே இம்முறையின் பலம். கங்காணி பெரும்பாலும் அதே ஊர்க்காரர், பல வேளைகளில் உறவினர். தோட்டத்தில் சில ஆண்டு வேலை செய்து, துரையிடம் உரிமச் சீட்டும் பணமும் பெற்று, வெள்ளை வேட்டியும் கடுக்கனுமாக ஊருக்கு வந்து நிற்பார். கிராமத்துக் கடனை அடைக்க, வழிச்செலவுக்கு, வீட்டில் விட்டுச் செல்பவர்களின் கஞ்சிக்கு என்று முன்பணம் தருவார். வேலைக்கு உத்தரவாதம் அவரே. நியமனக் கடிதம் நடந்து வந்து திண்ணையில் உட்கார்ந்துகொண்டது போல.

இந்த முன்பணம் போகும் நாட்டுக்கேற்ப வடிவம் மாறியது. இலங்கையில் அது 'துண்டு' ஆயிற்று. ஒரு கங்காணியின் கீழுள்ள ஆட்களின் மொத்தக் கடன் இவ்வளவு, இதைச் செலுத்தும் தோட்டத்துக்கு இவர்களை விடுவிக்கிறோம் என்று ஒரு துரை இன்னொரு துரைக்கு எழுதும் சீட்டு அது. தொழிலாளி தோட்டம் மாறினால் கடனும் கூடவே மாறும், மாறும்போது வளரும். 1921இல் இலங்கைச் சட்டம் இதை ஒழித்தது. மலாயாவில் 1907இல் வேறொரு வழி கண்டார்கள். தோட்ட முதலாளிகளிடம் வரி வாங்கிக் குடியேற்ற நிதி அமைத்துக் கப்பல் கட்டணத்தை அதிலிருந்து செலுத்தினார்கள். அதனால் தொழிலாளி பினாங்கில் இறங்கும்போது பயணக் கடன் அவன் தலையில் இல்லை. இதன் விளைவு கவனிக்கத்தக்கது. 1920களின் பிற்பகுதி தொட்டு, கங்காணி அழைக்காமலேயே தானாக முகாமுக்கு வந்து பயண உதவி பெற்றுப் போனவர்களின் எண்ணிக்கை பெருகியது. அவர்களை அழைத்தது கங்காணியன்று, முன்னரே போயிருந்த அண்ணனோ மாமனோ அனுப்பிய கடிதம்.

பர்மாவின் கதை வேறு. 1852இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐராவதி வண்டலில் நெல் விளைச்சல் பெருகியது. அறுவடைக்கும் அரிசி ஆலைக்கும் துறைமுகத்துக்கும் ஆட்கள் மதராஸ் மாகாணத்திலிருந்து போனார்கள். தெலுங்கர் மிகுதி, அடுத்துத் தமிழர். ரங்கூன் கப்பல்களில் மேல்தளப் பயணிகளாக, அறுவடையோடு போய் அறுவடை முடிந்து திரும்பியவர்கள் பலர். பர்மா 1937 ஏப்ரல்வரை இந்தியாவின் ஒரு மாகாணமே. ஆகவே அது கடல் தாண்டிய பயணமென்றாலும் சட்டத்தின் கண்ணில் உள்நாட்டுக் குடிபெயர்வுதான்; ஒப்பந்தமும் பாதுகாவலரும் தேவைப்படவில்லை. மேஸ்திரிக்கு மேல் மேஸ்திரி, அவருக்கும் மேல் ஒரு தலைமை மேஸ்திரி என்று அடுக்கடுக்காக இருக்க, மேலிருந்து வரும் கூலி ஒவ்வொரு படியிலும் கழிந்து கீழே வந்து சேரும். ரங்கூனில் குடியேறிகள் பாதுகாப்பு அலுவலகத்தில் பணியாற்றிய ஆண்ட்ரூ என்பவர் 1933இல் வெளியிட்ட நூல் இவ்வடுக்கை விரிவாகக் காட்டுகிறது.

வேலை மேஸ்திரியின் கையில் இருந்ததனால் அந்த வேலை யாரிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதும் தொழிலாளிக்குத் தெரியவில்லை. 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் தெலுங்குத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது முதலாளிகள் பர்மியரை அமர்த்தினார்கள். நிறுத்தம் முடிந்து பழைய ஆட்கள் திரும்பியதும் பர்மியரை வெளியேற்றினார்கள். அன்று மூண்ட கலவரத்தில் இந்தியர் பலர் கொல்லப்பட்டனர். அடுத்த ஆண்டுக் கணக்கெடுப்பின்படி பர்மாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் இருந்தனர். ரங்கூன் மக்களில் பாதிக்கு மேல் அவர்களே. தன் தலைநகரில் தானே சிறுபான்மையாகிப்போன ஒரு சமூகத்தின் மனக்கசப்பை நாம் தமிழில் எழுதும்போது எளிதாகக் கடந்துவிடுகிறோம்.

1942இல் ஜப்பானியர் வந்தபோது ஏறத்தாழ ஐந்து லட்சம் இந்தியர் ஓடிவந்தனர்; பெரும்பாலோர் மலையும் காடும் கடந்து நடந்தே. ரங்கூனில் 'ஜோதி' இதழை நடத்திக்கொண்டிருந்த வெ. சாமிநாத சர்மா நடந்து வந்த அனுபவத்தை நூலாக எழுதியிருப்பதை இவ்விதழ் வாசகர்கள் அறிவார்கள். போர் முடிந்தபின் பலர் மீண்டும் போனார்கள். ஏன் போனார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. வேலையும் கடையும் அங்கே இருந்தன, இங்கே இல்லை. வேறு விடை தேவையில்லை.

*

இனி எதிர்த்திசைப் பயணம்.

1962 மார்ச்சில் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964 மார்ச்சில் ரங்கூன் கடைகள் தேசியமயமாயின. சின்னஞ்சிறு கடைகளும் தப்பவில்லை. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமற்போயின. மேலும் ஐந்து மாதங்கள் கழித்து, அக்டோபர் 30 அன்று, சிறிமாவோவும் சாஸ்திரியும் தில்லியில் ஒப்பமிட்டனர். இலங்கையில் நாடற்றவர்களாக இருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்பது ஒப்பந்தம். 1974இல் அந்த எஞ்சியோரையும் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஓராண்டுக்குள் வங்கக் கடலின் இரு பக்கங்களிலிருந்தும் தமிழ்நாட்டை நோக்கி மக்கள் பெயரத் தொடங்கினர். இரண்டு கூட்டத்தாரும் கிளம்பிய விதம் முற்றிலும் வேறுபட்டது. என் உறவினர் மகனின் மூன்று மாதத் திட்டமிடலுக்கு மிக நெருங்கிய முன்மாதிரி இலங்கையிலிருந்து வந்தவர்களே.

அவர்கள் ஆண்டுக்கணக்கில் திட்டமிட்டார்கள். திட்டமிடவைக்கப்பட்டார்கள் என்பதே சரி. இந்தியக் குடியுரிமைக்கு விண்ணப்பம், பிறகு கடவுச்சீட்டு, பிறகு இலங்கை தரும் வெளியேற்ற அறிவிப்பு, சேமநிதியும் சேவைக்கால நிதியும் பெறுவதற்கான அலைச்சல் எல்லாம் முடிய வேண்டும். இவற்றோடு கண்டியிலிருந்த இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியே ஒரு குடும்ப அட்டை. குடும்பத்தினரின் பெயர்களோடு, இந்தியாவில் இக்குடும்பத்துக்கு எந்த மறுவாழ்வுத் திட்டம் என்பதும் அதில் குறிக்கப்பட்டிருக்கும். தேயிலைத் தோட்டம், ரப்பர் தோட்டம், நூற்பாலை, நிலக் குடியேற்றம், வியாபாரக் கடன் என்பவை திட்டங்கள். ஆக, கப்பல் ஏறுமுன் வேலை கையில் இருந்தது. அரசு முத்திரையோடு இருந்தது.

ஒரு லயத்து அறையில் நடந்திருக்கக்கூடிய அந்த உரையாடலை அடிக்கடி எண்ணிப் பார்க்கிறேன். மூன்று தலைமுறையாகக் கொழுந்து பறிப்பதைத் தவிர வேறொன்றும் அறியாத குடும்பம். இந்தியாவைக் கண்ணால் கண்டதில்லை. பாட்டனார் சொன்ன ஊர்ப்பெயர் ஒன்று மட்டும் நினைவில் இருக்கிறது. அங்கே இப்போது யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மூத்த மகனுக்கு இலங்கைக் குடியுரிமை கிடைத்திருக்கலாம், தாய் தந்தைக்கு இந்தியக் குடியுரிமை. யார் போவது, யார் இருப்பது? போனால் நூற்பாலையா, ரப்பரா, கடனா? நூற்பாலையில் என்ன செய்வார்கள் என்று யாருக்குத் தெரியும்? முன்பே போனவர்களின் கடிதங்கள் வரும். அவற்றில் சில, 'இங்கே வராதீர்கள்' என்றும் சொல்லும்.

மிகப் பலருக்கு ஒதுக்கப்பட்டது வியாபாரக் கடன். குடும்பத்துக்கு 5,000 ரூபாய்வரை. வாழ்நாளில் ஒரு பெட்டிக்கடை நடத்தியிராதவர்களுக்கு, பழக்கமில்லாத ஊரில், பழக்கமில்லாத வட்டார வழக்கைப் பேசிக்கொண்டு வியாபாரம் செய்யும்படி வழங்கப்பட்ட கடன். தரகர்கள் இராமேஸ்வரத்திலிருந்தே காத்திருந்தார்கள். இல்லாத கடைக்குச் சீட்டு எழுதி, கடனில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு, மீதியைக் கையில் திணித்து அனுப்பினார்கள். பணம் சில மாதங்களில் கரைந்தது, கடன் கரையவில்லை. கொடைக்கானல் மலையில் மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர்களிடம் கொத்தடிமைகளாகச் சிக்கிய தாயகம் திரும்பியோரை 1980களில் மீட்க வேண்டியிருந்தது. பாட்டன் முன்பணம் வாங்கிக்கொண்டு போனான். பேரன் கடன் பத்திரத்தோடு வந்து இன்னொரு முன்பணத்தில் விழுந்தான்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. நீலகிரியில் 1968இல் இவர்களுக்கென்றே தேயிலை பயிரிடத் தொடங்கியது தமிழக அரசு. 1976இல் அது 'டான்டீ' என்ற கழகம் ஆயிற்று. அங்கே இடம் கிடைத்தவர்கள் ஓரளவு தாக்குப்பிடித்தனர். வேடிக்கை என்னவென்றால், சமவெளி மாவட்டங்களில் கடனும் இடமும் ஒதுக்கப்பட்ட குடும்பங்களும் அட்டையில் எழுதியிருந்ததை விட்டுவிட்டுக் கோத்தகிரிக்கும் கூடலூருக்கும் போனார்கள். அங்கே குளிர் இருந்தது, தேயிலை இருந்தது, முன்பே போன சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இவற்றில் ஒன்றுக்கும் அட்டையில் இடமில்லை.

இன்னொரு செய்தி. இவர்கள் வந்து இறங்கித் தங்கவைக்கப்பட்ட மண்டபம் முகாம், இவர்களுடைய பாட்டன்மாரைக் கப்பலேற்றுமுன் நோய்த் தடுப்புக்காக இலங்கை அரசு அடைத்துவைத்த அதே முகாம். போகும்போது தகரத் துண்டில் தோட்டத்தின் எண்ணைப் பொறித்துத் தந்தார்கள். வரும்போது அட்டை.

*

பர்மாவிலிருந்து வந்தவர்களிடம் அட்டையில் எழுதிய வேலை இல்லை. இருந்த கடை ஒரே நாளில் அரசுடைமையாயிற்று. சேமித்த நோட்டு செல்லாக் காசாயிற்று. நகைகளைக்கூட ஓர் அளவுக்கு மேல் கொண்டுவர முடியவில்லை. இந்திய அரசு ஏற்பாடு செய்த கப்பல்களில் வந்து மதராஸ் துறைமுகத்தில் இறங்கினார்கள். இவ்வாறு தமிழகம் வந்தவர்கள் ஏறத்தாழ ஒன்றரை லட்சம். பல மாவட்டத் தலைநகர்களில் இன்றும் பர்மா காலனி என்ற பெயரில் ஒரு தெருவோ குடியிருப்போ இருப்பதன் காரணம் இதுவே. வட சென்னையில் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் பெருந்தொகையானோர் குடியமர்ந்தனர். எண்ணூரில் பர்மா நகர் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது.

காலம் ஒருவகையில் அவர்களுக்கு இசைவாகத்தான் இருந்தது. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்ட், 1963இல் எண்ணூர் உரத் தொழிற்சாலை, 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று வட சென்னையின் தொழிற்பகுதி அவர்கள் கண்முன்னே எழுந்துகொண்டிருந்தது. நிரந்தர வேலைக்கு வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவும் சான்றிதழும் வேண்டும். மத்திய அரசுத் தேர்வு அறிவிப்புகளில் வயது வரம்புத் தளர்வுப் பகுதியில், 1963 ஜூன் 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ பர்மாவிலிருந்தும், 1964 நவம்பர் 1ஆம் தேதியோ அதற்குப் பின்னரோ இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோருக்கு என்றொரு வரி நெடுங்காலம் இடம்பெற்று வந்தது. வேலைக்கு மனுப்போட்ட எங்கள் தலைமுறையினர் அந்த வரியைப் பொருள் அறியாமலே பலமுறை கடந்திருக்கிறோம். அதே போன்று, தெருமுனையில் பெயர்ப்பலகையாகக் காணும் 'ரெப்கோ' வங்கி 1969இல் தாயகம் திரும்பியோருக்காக மத்திய அரசு தொடங்கிய கூட்டுறவு நிறுவனம் என்பதும், அப்பெயரின் முதற்பாதி திரும்பியோரையே குறிக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

ஆனால் பெரும்பாலோர் மனுப்போட்டுக் காத்திருக்கவில்லை. காத்திருக்க வழியில்லை. கடற்கரை ரயில் நிலையத்தையும் துறைமுகத்தையும் ஒட்டிய நடைபாதையில் துணியை விரித்தார்கள். கப்பலிலிருந்து இறங்கும் மாலுமிகள் விற்கும் சாமான்கள் அங்கே கைமாறின. 1969இல் அரசு அவர்களுக்கு அவ்விடத்திலேயே வரிசையாகச் சிறு கடைகளை ஒதுக்கியது. அதுதான் பர்மா பஜார். வெளிநாட்டுக் கடிகாரம், வாசனைத் திரவியம், டேப் ரிக்கார்டர் என்று 1970களிலும் 80களிலும் சென்னைவாசிகள் ஏங்கிய பொருள்கள் எல்லாம் அங்கே கிடைத்தன. சுங்கத் துறையின் திடீர்ச் சோதனைகளும் அவ்வப்போது நடந்தன. அப்பொருள்களில் பாதிக்கு மேல் எப்படி வந்தன என்று கேட்காமலிருப்பதே நகரத்து நாகரிகமாகக் கருதப்பட்டது. அதன் பின்புறத் தெருக்களில் மாலை நேரத்தில் அத்தோவும் மொய்ங்காவும் விற்கும் வண்டிகள் இன்றும் நிற்கின்றன. வாழைத்தண்டுச் சூப்பைக் கேட்காமலே கிண்ணத்தில் ஊற்றித் தருவார்கள்.

இதை வைத்து, அட்டை இல்லாதவர்கள் பிழைத்தார்கள், அட்டை பெற்றவர்கள் கெட்டார்கள் என்று முடிவு கட்டிவிட முடியாது. பர்மாக்காரர்களில் பலர் அங்கே வணிகம் செய்து பழகியவர்கள், நகரவாசிகள். கொழுந்து பறித்தவர்களோடு அவர்களை ஒப்பிடுவது பொருந்தாது. பர்மா பஜாரில் கடை கிடைத்தவர்கள் சில நூறு குடும்பத்தார்தாம். மூட்டை தூக்கியவர்களின் எண்ணிக்கையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கலாம். அவர்களுடைய வேலையை அவர்களுக்குப் பதிலாக இன்னொருவர் தேர்ந்தெடுக்கவில்லை. அந்த வேலையோடு ஒட்டி வந்த கடனும் இல்லை. நேட்டால் ஒப்பந்தத்திலிருந்து கண்டி அட்டைவரை முன்கூட்டி உறுதி செய்யப்பட்ட வேலைகளில் எல்லாம், உறுதி செய்தவர் வேறு, உழைத்தவர் வேறு. விட்டு விலகும் உரிமை இருந்ததா என்பதே அந்தக் காகிதங்களிடம் கேட்கவேண்டிய கேள்வியாக எனக்குப் படுகிறது. மலாயாவில் பயணக் கடன் நீங்கியதும் மக்கள் கங்காணியை விட்டு அண்ணனின் கடிதத்தை நம்பிப் போனதற்கும் இதுவே காரணமாக இருக்க வேண்டும்.

வட சென்னையில் காலூன்ற முடியாதவர்களும் இருந்தார்கள். 1960களின் நடுவில் அவர்களில் சிலர் ஒரு முடிவுக்கு வந்தார்கள். தெரிந்த தொழிலும் தெரிந்த மொழியும் பர்மாவில்தான் இருக்கின்றன. கடல்வழி அடைத்தால் தரைவழி இருக்கிறது. ரயிலேறிக் கல்கத்தா போய், அஸ்ஸாம் போய், மணிப்பூரின் மலைப்பாதை வழியாக எல்லையோரம் மோரே என்ற சிற்றூரை அடைந்தார்கள். 1942இல் தாங்களோ தங்கள் பெற்றோரோ நடந்து வந்த மலைகளைத் திசைமாற்றிக் கடக்க முயன்றார்கள். பர்மியப் படையினர் உள்ளே விடவில்லை. திரும்பிவரக் கையில் காசில்லை, வந்தாலும் வேலையில்லை. எல்லையிலேயே தங்கினார்கள். முதலில் தங்கியவர்களின் சொல்லை நம்பி மேலும் சில குடும்பங்கள் போயின. எல்லைச் சந்தை வளர, பர்மிய மொழி பேசத் தெரிந்த தமிழர்கள் அங்கே வணிகர்களானார்கள். கோயில் எழுந்தது, தமிழ்ச் சங்கம் அமைந்தது, தமிழ்ப் பலகைகள் தெருவில் ஏறின. ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். வணிகம் சுருங்கச் சுருங்கப் பலர் தமிழ்நாட்டுக்கே வந்துவிட்டார்கள். 2023 மே மாதம் மணிப்பூரில் மூண்ட வன்முறையில் மோரேயில் தமிழர் வீடுகளும் எரிந்தன. இன்னும் சில குடும்பங்கள் ஊரைவிட்டுப் புறப்பட்டன.

தில்லி போன பையன் கடந்த வாரம் தொலைபேசியில் பேசினான். நியமனக் கடிதத்தின் கடைசிப் பக்கத்தை இப்போதுதான் முழுமையாகப் படித்தானாம். பதினெட்டு மாதத்துக்குள் வேலையை விட்டால், குடிபெயர்வதற்குக் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறதாம்.